நெடிய ஆயுளுக்கேற்ற உடற்பயிற்சி: திருவனந்தபுரம் காட்டும் வழி

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரள மக்களில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 12.6 சதவீதம். நாடு முழுவதற்கும் இவ்விகிதம் 8.6 சதவீதமாக இருந்தது. பெண் கல்வி, தாய் சேய் நலப் பணிகள், சிற்றூர்வரை பரவிய ஆரம்பச் சுகாதார நிலையங்கள் ஆகியவற்றின் பயனாக அம்மாநிலம் தன் மக்களுக்கு நீண்ட ஆயுளைப் பெற்றுத் தந்திருக்கிறது. ஆனால் கூடுதலாகக் கிடைத்த ஆண்டுகளை எந்த உடல்நிலையில் கழிப்பது என்ற கேள்விக்கு மருத்துவமனைகளால் மட்டும் விடை காண இயலாது. கேரள அரசுப் பணியில் 2013 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் 56 வயதில் ஓய்வு பெறுகின்றனர். அதன் பின்னரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவர் பலர். அந்த ஆண்டுகளில் பிறர் கையைப் பிடிக்காமல் பேருந்தில் ஏற முடியுமா, கிணற்றிலிருந்து ஒரு வாளி நீர் இறைக்க முடியுமா, தரையில் அமர்ந்து உண்டு தானாக எழ முடியுமா என்பவை சிறிய கேள்விகள் அல்ல. ஒருவர் தம் வீட்டில் தம் விருப்பப்படி வாழ்வதா, பிறரைச் சார்ந்து வாழ்வதா என்பதை அவையே பெரிதும் தீர்மானிக்கின்றன.

திருவனந்தபுரத்தில் அருங்காட்சியக வளாகத்திலும் கனகக்குன்னு அரண்மனைத் திடலிலும் விடியற்காலையில் நடப்பவர்களைக் காணலாம். தலைமைச் செயலக ஊழியர், ஓய்வு பெற்ற ஆசிரியர், வங்கி அதிகாரி எனப் பல துறையினரும் அங்கு வருகின்றனர். இவர்களில் பலர் மருத்துவரின் ஆலோசனைப்படி நடக்கத் தொடங்கியவர்கள். மருந்துச் சீட்டில் எந்த மாத்திரை, எத்தனை வேளை, எத்தனை நாள் என்று எழுதித் தரும் மருத்துவர், உடற்பயிற்சியைப் பற்றிப் பெரும்பாலும் "நடந்து வாருங்கள்" என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்கிறார். எவ்வளவு விரைவில், எவ்வளவு நேரம், எதை வலுப்படுத்துவதற்காக, மாதங்கள் செல்லச் செல்ல அளவை எப்படிக் கூட்டுவது என்ற விவரங்கள் விடுபட்டுப் போகின்றன. நோக்கம் வகுக்கப்படாத பயிற்சி முதல் மழைக்காலத்திலேயே நின்றுவிடுவதில் வியப்பில்லை.

அசைவும் பயிற்சியும்

உடல் உழைப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை அறிவியல் முறையில் முதன்முதலாக எடுத்துக்காட்டிய ஆய்வுகளுள் ஒன்று பேருந்து ஊழியர்களைப் பற்றியதாகும். லண்டன் நகர இரட்டை மாடிப் பேருந்துகளில் நாள் முழுவதும் அமர்ந்து ஓட்டுபவர்களையும், படிகளில் ஏறி இறங்கிச் சீட்டு வழங்கும் நடத்துநர்களையும் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒப்பிட்டனர். ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்ததும், வந்தபோதும் கடுமை குறைவாக இருந்ததும் 1953-இல் வெளியான முடிவுகளிலிருந்து தெரிந்தன. (திருவனந்தபுரத்துக்கும் லண்டன் பேருந்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரி 20 அன்று தன் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியபோது அதை அமைத்து நடத்த அமர்த்தப்பட்ட சால்ட்டர் என்பவர் லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றியவர்.) ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே பருமனாக இருந்திருக்கலாமே என்ற ஐயம் எழுந்தது. மாரிஸ் குழுவினர் ஊழியர்களுக்கு வழங்கப்பட்ட சீருடைகளின் இடுப்பளவைத் தொகுத்து 1956-இல் அதையும் ஆராய்ந்தனர். ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதாக இருந்தது உண்மையே. எனினும் அந்த வேறுபாட்டால் மட்டும் நோயின் வேறுபாட்டை விளக்க முடியவில்லை.

அரசு அலுவலர்களுக்கு இதைவிட முக்கியமானது மாரிஸின் அடுத்த ஆய்வு. படியேறும் நடத்துநர்கள் குறைந்து, மேசைப் பணி பெருகிவரும் காலத்தில் உடல் உழைப்பு எங்கிருந்து கிடைக்கும் என்பதே அதன் கேள்வி. 40 முதல் 64 வயதுவரை உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் இரண்டு நாட்களில் தாங்கள் ஓய்வு நேரத்தில் செய்தவற்றைக் குறித்துத் தந்தனர். 1973-இல் வெளியான முடிவு பலரும் எதிர்பாராதது. வேண்டுமென்றே, ஓரளவு கடுமையாக உடலை இயக்கியவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் மூன்றில் ஒரு பங்கு அளவே இருந்தது. ஆனால் இங்குமங்கும் சற்று அசைந்து திரிந்ததால் மட்டும் அத்தகைய பாதுகாப்புக் கிடைத்ததாகத் தெரியவில்லை. பின்னாளில் நடந்த ஆய்வுகள் இதைச் சற்றுத் திருத்தியுள்ளன. எவ்வளவு சிறிய இயக்கமும் இயங்காமையைவிட மேலானது என்பதே 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்களின் நிலை. ஆகவே அருங்காட்சியகத் திடலில் நண்பருடன் பேசிக்கொண்டே மெதுவாக நடப்பவரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் பெறுவது ஒரு பயன். ஆனால் அதுவே முழுப் பயன் என்று அவர் எண்ணிவிடுவதுதான் பிரச்சினை.

அந்த வழிகாட்டுதல்களின்படி வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான கடுமையுள்ள இயக்கத்தில் ஈடுபட வேண்டும். கடுமையான இயக்கமாயின் 75 முதல் 150 நிமிடம் போதும். மூச்சு சற்று வாங்கினாலும் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்ற நிலையை மிதமான கடுமை எனக் கொள்ளலாம். இவ்வளவுவரை பலரும் அறிந்ததே. வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்கள் உடலின் பெருந்தசைகள் அனைத்தையும் வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்பதும், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாட்களாவது உடற்சமநிலைக்கும் வலுவுக்கும் முதன்மை தரும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்பதும் நம் நாட்டில் அவ்வளவாகப் பரவவில்லை. நடைப்பயிற்சி இதயத்துக்கு உதவும். தொடைத் தசையின் தேய்வை அது தனியாகத் தடுத்துவிடாது.

உடல் வைத்திருக்கும் கணக்கு

1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், 20 வயதுடைய ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்யப்பட்டனர். உழைக்கும்போது உயிர்வளியைப் பயன்படுத்தும் அவர்களது திறன் இக்குறுகிய காலத்தில் பெரிதும் வீழ்ந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஐவரும் மீண்டும் சோதிக்கப்பட்டபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. முப்பது ஆண்டு முதுமை பறித்ததைவிட மூன்று வாரப் படுக்கை அதிகமாகப் பறித்திருந்தது! ஏறத்தாழ ஆறு மாதப் படிப்படியான பயிற்சிக்குப் பின், முதுமையால் இழந்த அத்திறனை அவர்கள் மீட்டுக்கொண்டனர். முதுமை என்று நாம் பெயரிட்டு ஏற்றுக்கொள்வதில் ஒரு பகுதி உண்மையில் பயன்படுத்தாமையே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஐவரை மட்டும் கொண்ட ஆய்வு என்பதையும் மறக்கலாகாது.

தசையின் கதையும் இத்தகையதே. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம்வரை தசை குறைகிறது எனக் கணக்கிடப்படுகிறது. அறுபதுக்குப் பிறகு இவ்விழப்பு விரைவடைகிறது. 1990-இல் பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களது கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. மிகத் தாழ்ந்த நிலையிலிருந்து தொடங்கியதால்தான் சதவீதம் இவ்வளவு உயர்ந்தது என்பது சரியே. ஆயினும் பயிற்சிக்குச் செவிசாய்க்கும் இயல்பைத் தசை அந்த வயதிலும் இழப்பதில்லை என்பது உறுதியாயிற்று.

இவற்றிலிருந்து பயிற்சியின் விதிகள் சில பெறப்படுகின்றன. எதைப் பழக்குகிறோமோ அதுவே வளரும். நடந்தால் நடை வளரும், சுமந்தால் சுமக்கும் வலு வளரும். வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான சுமையே உடலை மாற்றும். சுமை மாறாவிடில் முன்னேற்றம் நின்றுவிடும். வளர்ச்சி நிகழ்வது பயிற்சியின்போது அல்ல, அதற்குப் பின் வரும் ஓய்வில். விட்டுவிட்டால் பெற்றது கரையும். இவற்றை அறிந்து, தனக்கு வேண்டியது எது என்று முதலில் கேட்டு, அதற்கேற்பத் திட்டமிடுவதே நோக்கமுள்ள பயிற்சி. ஐந்தாண்டுத் திட்டங்களில் இலக்கை முதலில் வகுத்து அதிலிருந்து பின்னோக்கி ஒதுக்கீடுகளைக் கணக்கிட்டதைப் போல, எழுபத்தைந்து வயதில் செய்ய விரும்பும் செயல்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு இன்று எவ்வளவு வலு சேமிப்பில் இருக்க வேண்டும் என்று கணக்கிடலாம்.

களரியின் காலக்கிரமம்

இத்தகைய திட்டமிடல் மேனாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் 1956-இல் தொடங்கப்பட்ட சி.வி.என். களரி இன்றும் இயங்கி வருகிறது. களரிப்பயிற்றுக் கலையைக் கோட்டக்கல் கணாரன் குருக்களிடம் கற்று, 1930-களில் அதற்குப் புத்துயிர் அளித்தவர்களுள் ஒருவரான சி.வி. நாராயணன் நாயரின் பெயரைத் தாங்கிய இதனை நிறுவியவர், அவருடைய மகன் சி.வி. கோவிந்தன்குட்டி நாயர். நகரின் தெற்கே, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின் ஆட்சிப் பகுதியோடு இணைந்திருந்த கன்னியாகுமரி மாவட்டத்தில், அடிமுறையும் வர்ம மருத்துவமும் தமிழ் வழியில் கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. உலகின் போர்க்கலைகளுக்கெல்லாம் தாய் களரியே என்பது போன்ற கூற்றுகளை ஒதுக்கிவிட்டு, அதன் பயிற்சி முறையைக் கூர்ந்து நோக்குவதே பயன் தரும்.

வடக்கன் மரபின்படி களரி என்பது தரைமட்டத்துக்குக் கீழே தோண்டப்பட்ட, ஏறத்தாழ 42 அடி நீளமும் 21 அடி அகலமும் உள்ள மண்தரைக் கூடம். அங்கு நுழையும் மாணவன் வாளைத் தொட நெடுநாள் காத்திருக்க வேண்டும். முதலில் மெய்த்தாரி: காலெடுப்பு, யானை, சிங்கம், குதிரை, பன்றி முதலியவற்றின் பெயர் கொண்ட வடிவுகள், அவற்றைக் கோத்த மெய்ப்பயிற்சிகள். உடல் இதற்குப் பக்குவப்பட்ட பின்னரே கோல்த்தாரி என்னும் மரக் கருவிகள். பிறகு அங்கத்தாரி என்னும் உலோகக் கருவிகள். முடிவில் வெறுங்கைப் பயிற்சி. ஒவ்வோர் அசைவையும் குருக்கள் வாய்த்தாரியால் நடத்துகிறார். அச்சொற்களைக் கேட்டு, பார்வையைச் சிதறவிடாமல், மாணவன் உடலை அதன் வழியில் செலுத்துகிறான். உடல் முழுவதும் கண்ணாக வேண்டும் என்பது இம்மரபின் குறிக்கோள். கவனமில்லாத அசைவுக்கு இங்கு மதிப்பில்லை.

சுமையைப் படிப்படியாகக் கூட்டும் விதியும், ஓய்வின் இன்றியமையாமையும் இந்த அமைப்பிலேயே இடம்பெற்றுள்ளன. தென்மேற்குப் பருவமழைக் காலம் மரபாகத் தீவிரப் பயிற்சிக்குரியது. உடலில் எண்ணெய் தேய்த்துப் பயில்வதும், உழிச்சில் என்னும் உடல் நீவலும் அப்போது நடைபெறும். மழையைக் காரணங்காட்டி நடையை நிறுத்தும் நகரவாசிக்கு நேர்மாறாக, மழையே பயிற்சியின் பருவமாக வகுக்கப்பட்டிருக்கிறது. பல களரிகளில் சிகிச்சைப் பிரிவும் சேர்ந்தே இருப்பது மற்றொரு சிறப்பு. காயத்தைக் கண்டறிந்து நீக்குபவரே பயிற்சியையும் அளவிடுகிறார்.

இதனால் ஐம்பது வயது எழுத்தர் நாளைக்கே களரியில் குதித்துப் பாய வேண்டும் என்று பொருளல்ல. தேய்ந்த முழங்காலுக்கும் முதுகெலும்பு நோய்க்கும் உயர்ந்த காலெடுப்பும் தாழ்ந்த வடிவும் ஏற்றவையல்ல. எடுத்துக்கொள்ள வேண்டியது வடிவை அன்று, வரிசையை. 2022 ஜூனில் ஹரியானாவின் பஞ்ச்குலாவில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் களரிப்பயிற்று இடம்பெற்றது வரவேற்கத்தக்கதே. ஆனால் பதக்கத்துக்கான போட்டியாக மட்டும் அது சுருங்கினால், நாற்பது ஆண்டுகள் தொடரக்கூடிய ஒரு பழக்கமுறை பதினெட்டு வயதில் முடிந்துவிடும்.

நெய்யாற்றின்கரையில் நடந்த முயற்சி

தனிமனிதர் திட்டமிடுவது ஒரு புறம். ஒரு சமுதாயத்தையே இதில் ஈடுபடுத்த முடியுமா என்பது வேறு கேள்வி. திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில் இதற்கு விடை காணும் முயற்சியொன்று நடைபெற்றது. ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த அச்சுத மேனன் மையமும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் அது. 60 வாக்குச்சாவடிப் பகுதிகளிலிருந்து, நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுந்த 1,007 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பாதிப் பகுதிகளில் ஒரு கையேடும் வழக்கமான அறிவுரையும் மட்டும் தரப்பட்டன. மறுபாதியில் ஓராண்டுக்குள் 15 குழுக் கூட்டங்கள் நடந்தன. அவற்றைப் பெரிதும் நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர். அதே ஊரைச் சேர்ந்த, அதே அபாயத்தில் உள்ள, பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். நடைக்குழு, யோகப் பயிற்சி, வீட்டுக் காய்கறித் தோட்டம் போன்றவற்றை அவர்கள் தங்களுக்கு ஏற்றவாறு அமைத்துக்கொண்டனர்.

2018-இல் வெளியான முடிவுகளை மிகைப்படுத்தாமல் கூறுவது நல்லது. இரண்டாண்டு முடிவில் அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 17.1 சதவீதத்தினருக்கும், குழுக்களில் இருந்தவர்களில் 14.9 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்திருந்தது. இந்த வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று. ஆனால் நோய் அபாயக் குறியெண் குறைந்தது, மது அருந்துதல் குறைந்தது, பழம் காய்கறி உண்பது கூடியது, அன்றாட உடற்செயல்களைச் செய்யும் திறன் மேம்பட்டது ஆகியவை உறுதியாயின. ஒருவருக்கான செலவு 22.5 அமெரிக்க டாலர். மருந்தின்றி, மருத்துவரின்றி, அண்டை வீட்டாரைக் கொண்டே இவ்வளவு மாற்றம் நிகழ முடிந்தது என்பதை நிர்வாகிகள் கவனிக்க வேண்டும். அன்றாடச் செயல்திறன் மேம்பட்டதே இவற்றுள் முக்கியமானது எனலாம். இரத்தச் சர்க்கரையின் எண் ஆய்வுக்கூடத்துக்குரியது. மாடிப்படி ஏறும் திறன் அந்த மனிதருக்குரியது.

இடமும் நேரமும்

2022-ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்களின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் வளர்ந்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய உடல் இயக்கமின்றி உள்ளனர். ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். இந்த இடைவெளியைச் சோம்பல் என்ற சொல்லால் விளக்க முடியாது. காலை ஆறு மணிக்கு ஆண் திடலுக்குச் செல்லும் வீட்டில் அந்நேரத்துச் சமையல் யார் பொறுப்பு என்பதைக் கேட்டாலே காரணம் விளங்கும். மாலையில் வெளிச்சமுள்ள நடைபாதை, தடையற்ற திடல், உடன் வரும் குழு ஆகியவை இல்லாத இடத்தில் பெண்களிடம் மன உறுதியைப் பற்றிப் பேசுவது பொருத்தமற்றது. ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

கட்டமைப்பு வசதிகளில் திருவனந்தபுரம் பின்தங்கிய நகரமன்று. கேரள விளையாட்டுத் துறைக்கு அடித்தளமிட்ட ஜி.வி. ராஜா பணியாற்றிய நகரம் இது. காரியவட்டத்தில் 1985-இல் நிறுவப்பட்ட லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இந்திய விளையாட்டு ஆணையத்தின் கீழ் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது. 2015-ஆம் ஆண்டின் 35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி அதே காரியவட்டத்தில் பெரிய விளையாட்டரங்கம் எழுந்தது. ஆனால் அரங்கங்கள் பார்வையாளர்களை உருவாக்குமளவுக்குப் பயிற்சியாளர்களை உருவாக்குவதில்லை. உடற்கல்வி பயின்றவர்களின் பணி பள்ளியோடு நின்றுவிடாமல், ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கும் அலுவலக வளாகங்களுக்கும் நீள வேண்டும். 2019 ஆகஸ்டு 29 அன்று தொடங்கப்பட்ட ஃபிட் இந்தியா இயக்கத்தின்கீழ் வயதுவாரியாகப் பயிற்சி நெறிமுறைகள் 2020-இல் வெளியிடப்பட்டன. அவற்றை ஒருவரின் உடல்நிலைக்கேற்பப் பொருத்திக் காட்டும் பணியாளர் அருகில் இல்லாவிடில் அவை அச்சிட்ட தாளாகவே இருந்துவிடும்.

மேசைப் பணியாளர் ஒருவர் எங்கு தொடங்கலாம்? வாரத்தில் ஐந்து நாட்கள் அரை மணி நேரம் மூச்சு வாங்குமளவு நடை. இரண்டு நாட்கள் இருபது நிமிடம் பஸ்கி, சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால், இரு கைகளிலும் நீர்க்குடம் அல்லது பை ஏந்தி நடத்தல். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்றல். இதற்குக் கருவியோ கட்டணமோ தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையையோ சுமையையோ சிறிது கூட்ட வேண்டும். மார்பு வலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் உள்ளவர்களும், இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்க வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ, சர்க்கரையை விரைந்து குறைக்கும் மாத்திரையோ பெறுவோர் பயிற்சியின்போது சர்க்கரை அளவு தாழ்ந்துவிடாதவாறு உணவு நேரத்தை அமைத்துக்கொள்வது அவசியம்.

முன்னேற்றத்தை அளக்க எளிய சோதனை ஒன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. கைகளை மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு, கைப்பிடியில்லாத நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுவதே அது. 60 முதல் 64 வயதுவரை உள்ள ஆண் 14 முறைக்கும், பெண் 12 முறைக்கும் குறைவாக எழுந்தால் கால் வலு சராசரிக்குக் கீழே உள்ளதாகக் கொள்ளப்படுகிறது. கீழே விழும் அபாயத்தின் அறிகுறியாகவும் மருத்துவர்கள் இதைக் கருதுகின்றனர். ஒவ்வொரு மாதமும் முதல் நாளில் இந்த எண்ணிக்கையை நாட்குறிப்பில் எழுதி வந்தால் பயிற்சி பலன் தருகிறதா என்பது மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். சோதனைக்கு வேண்டிய நாற்காலி எல்லா அலுவலகங்களிலும் போதிய எண்ணிக்கையில் உள்ளது.